எப்படி இயங்குகிறது? ரொட்டி மாவும் சைக்கிள் டயரும்

ஞாயிறு சவாரி முடிந்து பாரிஸ் லாசப்பலில் பிளேன்டீயும் வடையுமாக நிற்கிற சைக்கிள்காரர்களின் பேச்சைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் ஓடும். "அண்ணை, எவ்வளவு தூரம் போனனீங்கள்?" "தம்பி, எத்தினை பார் அடிச்சனீ?" "உதென்ன முழங்கையில காயம், எங்க விழுந்தனீ?" முதலாவது பெருமை. இரண்டாவது வாக்குவாதம். மூன்றாவதில் அனுதாபம் பாதி, கிண்டல் பாதி.

மூன்றும் தனித்தனிக் கதைகள் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் எத்தனை கிலோமீட்டர் களைக்காமல் ஓடலாம், டயரில் எத்தனை பார் காற்றழுத்தம் இருக்க வேண்டும், எந்த வளைவில் சறுக்கி விழுவோம் என்ற மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. டயரின் ரப்பர் தெருவைத் தொடுகிற, ஒரு விரல் அளவேயான பரப்பு அது. அந்தப் பரப்பு நசிந்து மீள்கிற விதம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

அதை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. லா சப்பல் மெட்ரோ நிலையத்திலிருந்து ஃபோபூர் சாந்தெனி தெருவில் இறங்கி நடந்தால் கொத்து ரொட்டிக் கடைகளின் தகரச் சத்தம் கேட்கும். அந்தச் சமையலறைக்குள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் ரொட்டி மாவு உருண்டை ஒன்று போதும்.

மாவு: டயர் எதனால் ஆனது?

கோதுமை மாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைக்கிறோம். முதலில் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, இழுத்தால் அறுந்துவிடுகிறது. குழைக்கக் குழைக்க அது மாறுகிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. கோதுமையின் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாவதே இதற்குக் காரணம். அந்தக் கோப்பில் கந்தக அணுக்களுக்கு இடையே உண்டாகும் பிணைப்புகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ரப்பரும் இதே வழியில்தான் டயராகிறது. மரத்திலிருந்து வடிக்கும் பாலைக் கட்டியாக்கினால் கிடைக்கும் பச்சை ரப்பர், வெயிலில் பிசினாகிவிடும், குளிரில் விறைத்துப்போகும். 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் உறுதியான, மீளக்கூடிய பொருள் கிடைப்பதைக் கண்டார். நீண்ட ரப்பர் இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போடுகிறது. மாவுக்கும் டயருக்கும் மீள்தன்மை தருவதில் ஒரே தனிமத்துக்குப் பங்கிருப்பதால் இந்த ஒப்பீடு வெறும் அலங்காரம் இல்லை.

குழைக்கிறவர் தண்ணீரையும் எண்ணெயையும் கூட்டிக் குறைப்பது போலவே டயர் செய்கிறவரும் செய்கிறார். கரித்தூள் சேர்த்தால் ரப்பர் தேயாமல் உழைக்கும். சிலிக்கா சேர்த்தால் ஈரத்தில் பிடிப்பு குறையாமலே, உருளும்போது வீணாகும் சக்தி குறையும். எண்ணெய் சேர்த்தால் மென்மை கூடும். இந்த விகிதத்தை எந்த நிறுவனமும் வெளியே சொல்வதில்லை. நல்ல கடையின் குழம்புத்தூள் இரகசியம் அது.

இந்த ரப்பருக்கு இலங்கையோடு பழைய உறவு இருக்கிறது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகள் 1876-ல் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அது தொடக்கங்களில் ஒன்று. அதற்கு 12 ஆண்டுகள் கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைச் செய்தார். ராபர்ட் தாம்சன் அந்த யோசனைக்கு 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், சைக்கிள் உலகத்தைப் பிடித்தது டன்லப்பின் டயர்தான்.

குழைத்தல்: உருள்வதற்கு ஏன் பலம் தேவை?

மாவு உருண்டையை விரலால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பள்ளம் மெல்ல மேலே வரும். ஆனால் முழுவதும் வராது. அழுத்துவதற்கு நீங்கள் கொடுத்த பலத்தில் ஒரு பகுதியைத்தான் மாவு திருப்பித் தருகிறது. மீதி எங்கே போனது? குழைத்து முடித்த மாவைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். அங்கேதான் போனது.

டயரிலும் அதுவே நடக்கிறது. சக்கரம் உருளும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தெருவைத் தொடும் கணத்தில் நசிகிறது, விலகும் கணத்தில் மீள்கிறது. 28 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 470 தடவை சுற்றும். 100 கிலோமீட்டர் சவாரியில் அந்த ரப்பர் 47,000 தடவை குழைக்கப்படுகிறது. ஒவ்வொரு குழைப்பிலும் உங்கள் கால் கொடுத்த சக்தியில் கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. சைக்கிள்காரர்கள் உருளும் தடை என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

எவ்வளவு போகிறது? ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல பந்தய டயர் என்றால் சுமார் 25 வாட் இழப்பு. தடித்த, பஞ்சர் தாங்கும் நகர டயர் என்றால் 45 வாட் வரை போகலாம். அந்த வேகத்தில் ஒரு சாதாரண ஓட்டக்காரர் மொத்தமாகக் கொடுப்பதே 150 வாட் அளவுதான் என்பதை நினைத்தால் 20 வாட் சின்னத் தொகையில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் தொடை அதைச் சொல்லும்.

மாவைத் தடிப்பாகத் தட்டினால் மடிக்கப் பலம் வேண்டும். வீச்சு ரொட்டிக்கு வீசுவது போல மெல்லியதாக இழுத்தால் துணியாக மடியும். டயருக்கும் உள்ளே நைலான் அல்லது பருத்தி நூலால் ஆன ஒரு துணி இருக்கிறது. நூல் மெலிதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் டயர் எளிதில் மடிந்து எளிதில் மீளும். விலை கூடிய டயர் வேகமாக ஓடுவதன் காரணம் பெரும்பாலும் இந்த மெல்லிய துணியும் மெல்லிய ரப்பரும்தான். சீக்கிரம் வெட்டுப்படுவதற்கும் அவையே காரணம்.

பலகை: பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

மாவு உருண்டையை மரப்பலகையில் வைத்து அழுத்தித் தள்ளிப் பாருங்கள். நகர மறுக்கும். பலகையின் நார்களுக்குள்ளும் கீறல்களுக்குள்ளும் மாவு இறங்கிக்கொள்கிறது. கொஞ்சம் ஒட்டியும் கொள்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் டயரின் பிடிப்பு. தார்த் தெரு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் கிட்டப் பார்த்தால் சிறு கற்களின் மேடும் பள்ளமும்தான். ரப்பர் அந்தப் பள்ளங்களில் இறங்குகிறது. நகர்த்த முயன்றால் கற்களின் மேல் ஏறி இறங்கி நசிய வேண்டியிருப்பதால் எதிர்க்கிறது.

எந்தக் குணம் உங்கள் சக்தியைச் சூடாகத் தின்கிறதோ அதே குணம்தான் உங்களை நிமிர்த்தியும் வைக்கிறது. இளகிய மாவு பலகையைப் பிடித்துக்கொள்ளும், உருட்டினால் சோம்பும். இறுகிய மாவு உருண்டோடும், பிடிக்காது. வேகமாக ஓட வேண்டும், வளைவில் பிடிக்கவும் வேண்டும், நீண்ட நாள் உழைக்கவும் வேண்டும் என்று மூன்றையும் ஒரே டயரிடம் கேட்கிறோம். டயர்க்காரர் நடுவில் மெல்லிய இறுகிய ரப்பரும் ஓரங்களில் இளகிய ரப்பரும் வைத்துச் சமாளிக்கிறார். நேராக ஓடும்போது நடு தொடுகிறது, சாயும்போது ஓரம் தொடுகிறது.

குளிரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவு விறைப்பாக இருக்கும்; பலகையின் பள்ளத்தில் இறங்காது. குளிரில் ரப்பரும் அப்படித்தான். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடும் காலங்களில் நீதி கேட்டு ஈழத்தமிழர்கள் ஐரோப்பிய நகரங்களிலிருந்து சைக்கிளில் அங்கே போகும் ஈருருளிப் பயணம் பலருக்கும் தெரிந்தது. பெப்ரவரி, மார்ச் குளிரில் நெடுந்தூரம் மிதிக்கிறவர்களுக்கு இது பாடமாகத் தெரிய வேண்டியதில்லை. காலை முதல் வளைவே சொல்லிக்கொடுக்கும்.

ஈரத்தில் என்ன ஆகிறது? பலகையில் எண்ணெய் தடவினால் மாவு வழுக்கும். பாரிஸ் தெருவில் மழை அதைச் செய்கிறது. நீண்ட வறட்சிக்குப் பின் விழும் முதல் தூறல் மோசமானது. தெருவில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கரைந்து ஒரு படலமாகின்றன. பாதசாரிக் கடவையின் வெள்ளை வர்ணம், சாக்கடை மூடி, இரும்புத் தகடு ஆகியவற்றில் ரப்பர் இறங்குவதற்குப் பள்ளமே இல்லை. அங்கே பிடிப்பதெல்லாம் ஒட்டுதல் மட்டுமே. ஈரம் அதையும் பிரித்துவிடுகிறது.

கார் டயருக்கு இருப்பது போன்ற ஆழமான வரிகள் சைக்கிள் டயருக்கும் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. காரின் அகன்ற டயர் வேகத்தில் தண்ணீரின் மேல் மிதக்கக்கூடும். அதனால்தான் தண்ணீரை வெளியேற்ற அதற்கு வாய்க்கால்கள். அந்த மிதப்பு தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. சைக்கிள் டயரின் அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் நாம் யாரும் ரூ காய் தெருவில் திரும்பப் போவதில்லை. தெருவுக்கான வழவழப்பான டயர் ஈரத்திலும் போதுமானதே. வரிகள் பெரும்பாலும் வாங்குபவரின் மன ஆறுதலுக்கு.

காற்று: உவமை நிற்கும் இடம்

இதுவரை மாவு வந்தது. இனி வராது. ஏனென்றால் உங்கள் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் துணியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் உறை மட்டுமே.

கணக்கு எளிது. தெருவைத் தொடும் பரப்பு என்பது ஏறக்குறைய எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. மொத்தம் 80 கிலோவில் பின் சக்கரத்தில் சுமார் 44 கிலோ விழுகிறது. 7 பார் காற்று அடித்தால் தொடும் பரப்பு சுமார் 6 சதுர சென்டிமீட்டர். 5 பார் என்றால் 9 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வளைவில், மழையில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் உங்கள் உயிர் நிற்பது அந்தப் பரப்பில்.

"இறுக்கி அடிச்சாத்தான் ஓடும்" என்பது லாசப்பலில் இன்றும் கேட்கிற சட்டம். அது எங்கிருந்து வந்தது என்பது விளங்காததில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகிப்போன யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் பேருந்து, லொறி, அம்புலன்ஸ் எல்லாமும். முன்பாரில் ஒருவர், கரியரில் ஒருவர், ஹாண்டிலில் அரிசிப் பை. அந்தச் சுமைக்குக் காற்றை இறுக்கி அடிக்காவிட்டால் றிம் தெருவில் இடிக்கும். சட்டம் அந்தச் சுமைக்குச் சரி. இன்று 70 கிலோ ஆள், எட்டுக் கிலோ கார்பன் வண்டி, தண்ணீர்ப் போத்தல் இரண்டு. சுமை போய்விட்டது, சட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

பந்தய உலகமும் வெகுகாலம் இதையே நம்பியது. 23 மில்லிமீட்டர் டயர், 8 பார் காற்று என்பது ஒரு தலைமுறையின் வேதம். வழவழப்பான இரும்பு உருளையில் டயரை ஓடவிட்டு அளந்தால் அழுத்தம் கூடக்கூட இழப்பு குறைவதாகத்தான் தெரியும். தெருவில் அளந்தபோதுதான் கதை மாறியது. அமெரிக்காவில் யான் ஹைன் போன்றவர்கள் உண்மையான தெருக்களில் ஆட்களை ஓடவிட்டுச் செய்த சோதனைகள் ஓர் எல்லைக்கு மேல் காற்றைக் கூட்டினால் வேகம் குறைவதைக் காட்டின.

காரணம் இதுதான். தெருவின் ஒவ்வொரு மேட்டிலும் ஏதாவது ஒன்று நசிந்தே ஆக வேண்டும். டயர் நசிந்தால் இழப்பு சிறிது. டயர் நசிய மறுத்தால் வண்டி மேலே தூக்கியெறியப்படுகிறது. அந்த அதிர்வு கைகளுக்கும் தோளுக்கும் தொடைக்கும் போய் அங்கே சதையில் சூடாகிறது. காற்றை அளவுக்கு மேல் இறுக்கினால் டயர் குழைவதில்லை, நீங்கள் குழைகிறீர்கள்.

அகலம்: ஏன் எல்லோரும் 28-க்கு மாறினார்கள்?

ஒரே அழுத்தத்தில் குறுகிய டயரும் அகன்ற டயரும் தெருவைத் தொடும் பரப்பின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. வடிவம்தான் வேறு. குறுகிய டயரில் அது நீண்டு ஒடுங்கியிருக்கும். அகன்ற டயரில் குறுகி அகன்றிருக்கும். நீண்ட பரப்பு உண்டாக டயர் அதிக ஆழத்துக்கு வளைய வேண்டும். அதனால் அகன்ற டயர் அதே அழுத்தத்தில் குறைவாகத்தான் இழக்கிறது. அதில் அழுத்தத்தைக் குறைக்கவும் இடமிருக்கிறது. பந்தய வீரர்கள் 23-லிருந்து 25-க்கும், பிறகு 28-க்கும், இப்போது 30-க்கும் போய்க்கொண்டிருப்பதன் காரணம் சொகுசு மட்டுமில்லை.

கல் பாவிய தெருக்களுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயம் 1896-ல் தொடங்கியது. 1977-லிருந்து அது கோம்பியேனிலிருந்துதான் புறப்படுகிறது. பெயரில் மட்டும் பாரிஸ் மிஞ்சியிருக்கிறது. அங்கே வீரர்கள் 30, 32 மில்லிமீட்டர் டயரில் 4 பாருக்குக் கீழேயும் ஓடுகிறார்கள். நம் பேட்டையிலிருந்து அந்த அனுபவத்தில் ஒரு துளி வேண்டுமென்றால் மெட்ரோ 2-ஆம் வழித்தடத்தின் பாலத்தை ஒட்டி ஸ்டாலின்கிராட் வரை போய், லா வில்லெத் நீர்த்தேக்கத்தின் கரையில் கல் பாவிய பகுதியில் ஏறுங்கள். 7 பாரில் ஒரு தடவை, 5 பாரில் ஒரு தடவை. அங்கிருந்து ஊர்க் (Ourcq) கால்வாய்ப் பாதையில் கிளே-சூயி நோக்கிப் போகும்போது எந்த முறை கை மரத்துப்போனது என்பது தெரிந்திருக்கும்.

துளை: பஞ்சர் ஆவது எப்படி?

காற்றைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகவும் குறைந்தால் நடைபாதை விளிம்பில் ஏறும்போது டயர் முழுவதும் நசிந்து, உள்ளே இருக்கும் டியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அகப்படும். அருகருகே இரண்டு வெட்டுகள் விழும். டியூபைக் கழற்றி அப்படி இரட்டைத் துளையைக் கண்டால் கண்ணாடித் துண்டைத் தேடாதீர்கள். காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். ஒற்றைத் துளை என்றால் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். முள்ளோ கண்ணாடியோ கம்பித் துணுக்கோ அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த சந்தியில் மறுபடியும் காற்றுப் போகும்.

பஞ்சர் என்பது ஒரு காலத்தில் ஒரு நாள் வேலை. டன்லப் டயர் றிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. பிய்த்து, ஒட்டி, காயவிட வேண்டும். 1891-ல் மிஷ்லன் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் அந்த டயரோடு ஓடிய சார்லஸ் தெரோன் சுமார் 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் முடித்து வென்றார். அந்த ஓட்டம் இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ராம்புயேயிலிருந்து நடக்கிறது. பந்தயமாக இல்லாமல், 90 மணி நேர எல்லைக்குள் முடிக்கும் சவாலாக. இந்தியாவிலிருந்தும் ஆட்கள் வந்து ஓடுகிறார்கள். அடுத்தது 2027-ல்.

இன்று பலர் டியூபே இல்லாத டயருக்கு மாறிவிட்டார்கள். உள்ளே ஊற்றும் வெள்ளைத் திரவம் பெரும்பாலும் ரப்பர் பால்தான். சிறு துளை விழுந்தால் காற்றோடு வெளியே பாயும் பால் துளையின் வாயில் உறைந்து அடைத்துவிடும். மரத்தின் பட்டையில் வெட்டு விழுந்தால் மரம் தனக்குச் செய்துகொள்வதையே டயருக்குள்ளும் செய்கிறது. சில மாதங்களில் காய்ந்துபோகும். திரும்ப ஊற்ற வேண்டும். இதை மறந்தவர்கள்தான் "டியூப் இல்லாத டயர் சும்மா பேச்சு" என்று சொல்கிறார்கள்.

விழுதல்: ஒரு கணக்கு

டயரின் பிடிப்பு ஒரு வரையறுத்த தொகை. பிரேக் பிடிப்பதும் அதிலிருந்துதான், வளைவதும் அதிலிருந்துதான். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் தொகை தீர்ந்துவிடும். முன்சக்கரத்தில் தீர்ந்தால் மீள்வதற்கு நேரமே கிடைக்காது. தோளோ இடுப்போ முழங்கையோ தெருவில் இருக்கும்.

10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப, உராய்வுக் குணகம் 0.31 இருந்தால் போதும். 30 கிலோமீட்டரில் அதே வளைவுக்கு 0.71 வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, தேவை இரண்டு மடங்குக்கும் மேல். காய்ந்த தார் 0.8 அளவுக்குத் தரும். கரணம் தப்பாமல் திரும்பிவிடலாம். ஈரமான வர்ணம் அதன் பக்கத்தில்கூட வராது. அதனால் பிரேக்கை வளைவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் கை சும்மா இருக்க வேண்டும்.

இது கற்றுக்குட்டிகளுக்கான கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2024 ஒலிம்பிக்கின் நேரப் பந்தயம் ஜூலை 27 அன்று பாரிஸ் மழையில் நடந்தது. உலகின் தேர்ந்த வீரர்கள் பலர் வளைவுகளில் சறுக்கி விழுந்தார்கள். விழுந்து எழுந்தும் அமெரிக்காவின் குளோயி டைகெர்ட் வெண்கலம் வென்றார். ஒரு வாரம் கழித்து நடந்த ஆண்கள் சாலைப் பந்தயத்தில் ரெம்கோ எவெனெபூல் முடிவுக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் பஞ்சரானார். வண்டி மாற்றி ஏறியும் தங்கம் அவருக்கே.

2025 ஜூலை 27 அன்று தூர் த பிரான்ஸின் கடைசிக் கட்டம், லாசப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய மோன்மார்த் மேட்டில் மூன்று தடவை ஏறியது. ரூ லெபிக்கின் கல் பாவிய ஏற்றம், மேலே மழை. தெரு வழுக்கும் என்பதால் மொத்தப் பட்டியலுக்கான நேரத்தை ஏற்பாட்டாளர்கள் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். கடைசி ஏற்றத்தில் ததேய் பொகாச்சரை உதறிவிட்டு வௌட் வான் ஆர்ட் தனியாக ஷான்செலிசேயில் வந்து வென்றார். உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமே ஈரக் கல்லுக்குப் பயந்து விதியைத் தளர்த்தும்போது, வேலைக்குப் போகிற நாம் வேகத்தைத் தளர்த்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

டயரே றிம்மை விட்டு வெளியேறும் விபத்தும் உண்டு. 2024 பெப்ரவரியில் யூஏஇ டூர் பந்தயத்தில் தோமாஸ் தெ ஹென்ட் விழுந்தபோது டயர் றிம்மிலிருந்து கழன்று கிடந்த காட்சி பெரிய சர்ச்சையானது. அது டயரைப் பற்றிக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத புது வகை றிம். அவ்வகை றிம்முக்கு உச்ச அழுத்தம் 5 பார். உங்களுடையது அந்த வகையா என்று தெரியாமல் 7 பார் அடிப்பது ஆபத்து.

பாரிசில் இன்னொரு பொறி தண்டவாளம். போர்ட் த லா சப்பலில் ஓடும் டி3பி டிராம் பாதையின் பள்ளம் 28 மில்லிமீட்டர் டயரை அப்படியே உள்வாங்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாக, அல்லது முடிந்த அளவு குறுக்காகக் கடக்க வேண்டும். கடக்கும் கணத்தில் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்.

விழுந்தால் தலைக்கு என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. ஐரோப்பியத் தரநிலை இஎன் 1078 தலைக்கவசத்தை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதவிட்டுச் சோதிக்கிறது. அது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். சைக்கிளில் இருப்பவரின் தலையும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பிரான்சில் 2017 மார்ச் முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே தலைக்கவசம் கட்டாயம். தெரு வயதைக் கேட்பதில்லை.

இனி என்ன செய்யலாம்?

முதலில், பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதை விடுங்கள். 5 பாருக்கும் 7 பாருக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வாங்குங்கள். உங்கள் எடை 70 கிலோ, டயர் 28 மில்லிமீட்டர் என்றால் பின்னால் 5 பார், முன்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கலாம். எடை கூடினால் காற்றும் கூடட்டும். 35 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான நகர டயருக்கு 3 முதல் 4 பார் போதும். கரியரில் சாமான் கட்டினால் பின்னால் கூட்டுங்கள். மழை நாளில் அரை பார் குறைத்துப் பாருங்கள். றிம் இடிக்கத் தொடங்கினால் கூட்டுங்கள், கை மரத்துப்போனால் குறையுங்கள். டியூப் தானாகவே காற்றை இழக்கும் என்பதால் வாரம் ஒருமுறை அளக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அது தாங்கக்கூடிய உச்சம். உங்களுக்கு ஏற்ற எண் அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு சின்னத் தாளில் எழுதிப் பம்பிலேயே ஒட்டிவிடுங்கள்.